சோறும் வைக்கோலும்: சர்க்கரை முடிச்சை அவிழ்க்கும் நொதிகள்

களத்தில் நெல்லடித்து முடிந்ததும் ஒரே பயிர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு பக்கம் நெற்குவியல், மறுபக்கம் வைக்கோல். நெல் அரிசியாகிச் சோறாகி நம் இலைக்கு வருகிறது, வைக்கோல் மாட்டின் முன் போய் விழுகிறது. இந்தப் பங்கீட்டை நாம் இயல்பானதென்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். ஆனால் அரிசியின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இருப்பது மாவுச்சத்து. வைக்கோலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செல்லுலோஸ். இவ்விரண்டுமே குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையை மணிமணியாகக் கோத்த நீண்ட சரங்கள்தாம். மணி ஒன்றாகவே இருக்கும்போது ஒன்று நமக்கு உணவாவதும், மற்றொன்றைத் தின்றால் பெரும்பாலும் வந்தபடியே வெளியேறிவிடுவதும் ஏன் என்ற கேள்விக்கு, மணிகளைக் கோத்திருக்கும் முடிச்சையும் அதை அவிழ்க்கும் நொதிகளையும் தெரிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும். அந்த நொதிகளுக்குக் கிளைக்கோசைடேஸ் என்று பொதுப்பெயர். தமிழில் கிளைக்கோசைடு நீராற்பகுப்பு நொதிகள் எனலாம்.

முதலில் முடிச்சைப் பார்ப்போம். குளுக்கோஸ் மூலக்கூறு தண்ணீரில் பெரும்பாலும் ஒரு வளையமாக மூடிக்கொண்டு இருக்கும். அந்த வளையத்தைச் சுற்றி ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு குளுக்கோஸின் முதல் கார்பனில் உள்ள ஹைட்ராக்சிலும் அடுத்த குளுக்கோஸின் ஒரு ஹைட்ராக்சிலும் சேரும்போது நடுவிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. எஞ்சிய ஓர் ஆக்சிஜன் அணு இரண்டு வளையங்களுக்கும் பாலமாக நின்றுவிடுகிறது. இந்தப் பாலமே கிளைக்கோசைடு பிணைப்பு. கோக்கும்போது வெளியேறிய அந்த நீரைத் திரும்பக் கொடுத்தால் பாலம் அறுந்து, இரு சர்க்கரைகளும் தங்கள் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். நீரைச் சேர்த்துப் பிரிப்பதால் இதற்கு நீராற்பகுத்தல் என்று பெயர்.

இதில் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘சர்க்கரையை உடைக்கும் நொதி’ என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அதைப் படிப்பவர் குளுக்கோஸே உடைந்து சக்தி வெளிப்படுவதாக நினைத்துக்கொள்கிறார். இந்த நொதிகள் குளுக்கோஸின் வளையத்தைத் தொடுவதில்லை. இரு வளையங்களுக்கு நடுவே உள்ள பாலத்தை மட்டுமே அறுக்கின்றன. குளுக்கோஸை உடைத்துச் சக்தி எடுப்பது செல்லுக்குள் வேறு நொதிகள் செய்யும் தனி வேலை. ஆரம்பத்திலேயே இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் பல குழப்பங்கள் எழவே மாட்டா.

நீர் உள்ளே நுழைகிறது என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வதன்று, நிறுத்துப் பார்க்கக்கூடியது. ஹைட்ரஜன் அணுவின் நிறையை 1 என்று வைத்துக்கொண்டால், சரத்துக்குள் கோத்திருக்கும் ஒரு குளுக்கோஸ் மணியின் நிறை 162. பிரிந்து தனியே நிற்கும் குளுக்கோஸின் நிறை 180. இடையே உள்ள 18 என்பது ஒரு நீர் மூலக்கூறின் நிறை. ஆகவே 900 கிராம் தூய மாவுச்சத்தை முழுவதுமாக நீராற்பகுத்தால் 1000 கிராம் குளுக்கோஸ் கிடைக்கும். கூடுதலாக வந்த 100 கிராமும் தண்ணீரிலிருந்து வந்தது.

அப்படியானால் தண்ணீரில் ஊறவைத்தாலே போதுமே, நொதி எதற்கு என்று கேட்கலாம். குளுக்கோஸுக்கும் குளுக்கோஸுக்கும் இடையிலான பாலம் அவ்வளவு எளிதில் அறுவதில்லை. அமிலமும் நொதியும் இல்லாத வெறும் நீரில், அறை வெப்பநிலையில், இத்தகைய பாலங்களில் பாதி தாமாக அறுவதற்குச் சுமார் 50 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்று அமெரிக்க உயிர்வேதியியலாளர் ரிச்சர்ட் வுல்ஃபெண்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். நல்ல கிளைக்கோசைடேஸ் மூலக்கூறு ஒன்று ஒரு நொடிக்குள் இப்படிப்பட்ட பாலங்களை நூற்றுக்கணக்கில் அறுத்துவிடுகிறது. உயிரினங்களில் உள்ள வினையூக்கிகளில் மிக வலிமையான வரிசையில் இவற்றை வைப்பதற்கு இந்த வேகமே காரணம். பாலம் இவ்வளவு உறுதியாக இருப்பதும் உயிருக்கு நன்மையே. இல்லாவிட்டால் மழையில் நனைந்த மரமும் ஈரத்தில் கிடந்த நெல்லும் தாமாகவே சர்க்கரைப் பாகாகிக் கரைந்துபோயிருக்கும்.

இந்த நொதி வேலை செய்வதை வடிகஞ்சியை வைத்தே பார்த்துவிடலாம். சோறு வடித்த கஞ்சியில் சிறிதளவு எடுத்து நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, மூன்று கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றிக்கொள்ள வேண்டும். முதல் தம்ளரில் எதுவும் சேர்க்காமல் விட்டுவிடலாம். இரண்டாவதில் வாய் கொப்பளித்தபின் ஊறிய எச்சில் ஒரு தேக்கரண்டி. மூன்றாவதில் அதே அளவு எச்சிலைக் கொதிக்கவைத்து ஆற்றிச் சேர்க்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து ஒவ்வொன்றிலும் நீர்த்த அயோடின் கரைசலைச் சொட்டினால், முதல் தம்ளர் அடர்ந்த கருநீலமாகும். மாவுச்சத்துச் சரம் சுருள்வில் போலச் சுருண்டிருக்கிறது. அச்சுருளின் உள்ளே அயோடின் போய் அடுக்கிக்கொள்வதால் வருவது அந்த நிறம். இரண்டாவது தம்ளரில் நீலம் வராது. அயோடினின் வெளிர்மஞ்சளே தங்கும், சில நேரம் செம்பழுப்பு தெரியும். சரம் துண்டுபட்டுச் சுருள் குலைந்துவிட்டதற்கு அது அடையாளம். கொதிக்கவைத்த எச்சில் சேர்த்த மூன்றாவது தம்ளர் மறுபடியும் கருநீலமாகிவிடும். நொதி ஒரு புரதம். கொதிநீரின் சூட்டில் அதன் மடிப்புகள் கலைந்து, முட்டை வெந்து இறுகுவதைப் போல உருமாறிவிடுகிறது, மீண்டும் பழைய வடிவத்துக்கு வருவதில்லை.

எச்சிலில் உள்ள இந்த நொதியின் பெயர் ஆல்ஃபா அமைலேஸ். வெறும் சோற்றை வாயில் போட்டு விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் மெல்லிய இனிப்பு தட்டுமே, அது இந்த நொதி விடுவித்த மால்ட்டோஸின் சுவை. மால்ட்டோஸ் என்பது இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த ஜோடி. அமைலேஸ் நீண்ட சரத்தை நடுநடுவே வெட்டி இரண்டும் மூன்றுமாக ஆக்குகிறது. மாவுச்சத்துச் சரம் ஆங்காங்கே கிளை பிரியும் இடத்தில் உள்ள முடிச்சை அதனால் அவிழ்க்க இயலாது. இரைப்பையின் அமிலத்தில் எச்சில் அமைலேஸ் ஓய்ந்துவிட, கணையத்திலிருந்து வரும் அமைலேஸ் சிறுகுடலில் அந்த வேலையைத் தொடர்கிறது. எஞ்சிய ஜோடிகளையும் கிளைத் துண்டுகளையும் ஒற்றைக் குளுக்கோஸாக்குவதற்குச் சிறுகுடலின் உட்சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் வேறு சில கிளைக்கோசைடேஸ்கள் உள்ளன. ஒற்றையாகப் பிரிந்த சர்க்கரை மட்டுமே அங்கிருந்து இரத்தத்துக்குள் நுழைய முடியும்.

இனி வைக்கோலுக்குத் திரும்புவோம். பாலத்தைத் தாங்கும் முதல் கார்பனில் ஆக்சிஜன் இரண்டு விதமாக நிற்கலாம். வளையத்தை ஒரு தட்டாக நினைத்துக்கொண்டால், அந்த ஆக்சிஜன் தட்டின் அடிப்பக்கம் நோக்கி இறங்கியிருப்பது ஆல்ஃபா. மேற்பக்கம் நோக்கி நிற்பது பீட்டா. மாவுச்சத்தில் உள்ளவை ஆல்ஃபா முடிச்சுகள். அதனால் சரம் வளைந்து சுருளாகிறது, வெந்த மாவுச்சத்தின் சுருள்களுக்கிடையே நீரும் நொதியும் எளிதாகப் புகுகின்றன. செல்லுலோஸில் உள்ளவை பீட்டா முடிச்சுகள். ஒவ்வொரு மணியும் முந்தைய மணிக்குத் தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சரம் நூல் பிடித்தாற்போல் நேராக நீள்கிறது. பருத்தி இழையில் அப்படி 10,000 மணிகள் வரை ஒரே சரத்தில் கோத்திருக்கும். நேரான சரங்கள் பக்கத்தில் பக்கம் படிந்து ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதால் அங்கே நீருக்குக்கூட இடமில்லை. ஒரே ஓர் அணுவின் திசை மாறியதால் ஒன்று கஞ்சியாகிறது, மற்றொன்று வேட்டியாகிறது. வேதியியலில் என்னை இன்றும் வியக்கவைப்பது இதுதான்.

ஆல்ஃபா முடிச்சுக்கென்று அமைந்த நொதி பீட்டா முடிச்சைத் தொடாது. இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர். குளுக்கோஸிலிருந்து ஆல்ஃபா வடிவம் ஒன்றும் பீட்டா வடிவம் ஒன்றுமாக இரண்டு சேர்மங்களை அவர் தயாரித்தார். ஈஸ்டிலிருந்து எடுத்த சாறு ஆல்ஃபாவை மட்டும் பிரித்தது. பாதாமிலிருந்து கிடைக்கும் எமல்சின் என்னும் நொதி பீட்டாவை மட்டும் பிரித்தது. பூட்டும் சாவியும் போல நொதியும் அது பற்றும் பொருளும் பொருந்த வேண்டும் என்று அவர் 1894-இல் எழுதினார். இன்று பள்ளிப் பாடநூல் வரை வந்துவிட்ட அந்த உவமை பிறந்தது கிளைக்கோசைடேஸ் ஆய்வில்தான்.

செல்லுலோஸை அறுக்கும் நொதியை மனித உடல் தயாரிப்பதில்லை. மாட்டின் உடலும் தயாரிப்பதில்லை என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். மாட்டின் முதல் வயிற்றறையில் குடியிருக்கும் பாக்டீரியா, பூஞ்சை முதலிய நுண்ணுயிர்களே செல்லுலேஸ் நொதிகளைச் சுரந்து வைக்கோலைப் பிரிக்கின்றன. பிரிந்த குளுக்கோஸையும் அவையே உண்டு நொதிக்கச் செய்து கொழுப்பு அமிலங்களாக வெளிவிடுகின்றன. மாடு அந்த அமிலங்களை உறிஞ்சிக்கொள்கிறது. வைக்கோலில் தண்டை விறைப்பாக்கும் லிக்னினும், மணலில் உள்ள சிலிக்காவும் செல்லுலோஸைச் சுற்றிக் காவல் நிற்பதால் நுண்ணுயிர்களுக்கும் அது கடினமான வேலைதான். மாடு படுத்துக்கொண்டு நெடுநேரம் அசைபோடுவது அதற்காகவே.

நொதி இந்த முடிச்சை எப்படி அவிழ்க்கிறது என்பதைக் கண்ணால் காண்பதுபோல் காட்டியது கோழிமுட்டை. முட்டையின் வெள்ளைக் கருவிலும் நம் கண்ணீரிலும் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922-இல் இதை அறிவித்தார். பாக்டீரியாவின் சுவர் சர்க்கரைச் சரங்களால் பின்னப்பட்டது. அச்சரங்களின் பீட்டா முடிச்சுகளை லைசோசைம் அறுக்கும்போது சுவர் கிழிந்து பாக்டீரியா வெடித்துவிடுகிறது. 1965-இல் லண்டனில் டேவிட் ஃபிலிப்ஸின் குழு எக்ஸ் கதிர்களைக் கொண்டு இதன் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிந்தது. நொதிகளில் முதன்முதலாக வடிவம் தெரியவந்தது இதற்குத்தான். மூலக்கூறின் நடுவே ஒரு நீண்ட பிளவு இருந்தது. சர்க்கரைச் சரம் அந்தப் பிளவில் படிய, இரு கரைகளிலிருந்தும் இரண்டு அமில முனைகள் முடிச்சை நோக்கி நீண்டிருந்தன.

அந்த இரண்டு முனைகளின் கூட்டுவேலையே பெரும்பாலான கிளைக்கோசைடேஸ்களின் அடிப்படை. ஒன்று பாலத்து ஆக்சிஜனுக்கு ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்துப் பாலத்தைத் தளர்த்துகிறது. மற்றொன்று, சில நொதிகளில் ஒரு நீர் மூலக்கூறைத் தூண்டி நேராகக் கார்பனின் பின்புறமிருந்து தாக்கச் செய்கிறது. அப்போது காற்றில் குடை மறுபக்கம் மடங்குவதைப் போல ஆல்ஃபா பீட்டாவாகத் திரும்பிவிடுகிறது. வேறு சில நொதிகளில் இரண்டாவது முனை தானே கார்பனைப் பற்றிக்கொண்டு, பிறகு நீர் வந்து அதை விடுவிக்கிறது. குடை இரண்டு முறை மடங்குவதால் முதலில் இருந்த திசையே மிஞ்சுகிறது. இவ்விரு வழிகளையும் அமெரிக்க உயிர்வேதியியலாளர் டேனியல் கோஷ்லண்ட் 1953-லேயே, எந்த நொதியின் வடிவமும் தெரியாத காலத்தில், எழுதிவைத்தார். லைசோசைம் சர்க்கரையைப் பற்றிக்கொள்வதில்லை என்றே பாடநூல்கள் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தன. அது பற்றிக்கொண்டு நிற்கும் இடைநிலையை 2001-இல் காட்டியபின் பாடம் திருத்தப்பட்டது.

நொதி இல்லாதபோது என்ன ஆகும் என்பதை மொச்சையும் பாலும் சொல்லும். மொச்சை, கொண்டைக்கடலை முதலிய பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உள்ளன. அவற்றில் கேலக்டோஸ் என்னும் வேறொரு சர்க்கரை ஆல்ஃபா முடிச்சால் கோக்கப்பட்டிருக்கிறது. கேலக்டோஸின் அந்த முடிச்சுக்கான நொதி நம் குடலில் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாவால் நொதித்து வாயுவாகின்றன. முளைகட்டும்போது விதையே தன் வளர்ச்சிக்காக அந்த நொதியைத் தயாரித்துச் சர்க்கரையைப் பிரித்துக்கொள்வதால், முளைகட்டிய பயறு வயிற்றைக் குறைவாகவே பொருமச் செய்கிறது. கேழ்வரகை முளைகட்டினால் அமைலேஸ் பெருகும். அந்த மாவில் காய்ச்சிய கஞ்சி இறுகாமல் நீர்த்து நிற்பதால், குழந்தைக்கு அதே கிண்ணத்தில் கூடுதல் மாவைச் சேர்த்துக் கொடுக்க முடிகிறது. பாலில் உள்ள லாக்டோஸின் முடிச்சு பீட்டா வகை; அதற்கான லாக்டேஸ் நொதி குழந்தைப் பருவத்துக்குப் பின் பலருக்குக் குறைந்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது, தயிரின் பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைச் செலவழித்துவிடுவதாலும், தன் நொதியைக் குடலுக்கும் கொண்டுவருவதாலும்தான்.

வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும் என்று ஆலைகள் வலியுறுத்துவதற்குப் பின்னும் ஒரு கிளைக்கோசைடேஸ் இருக்கிறது. கரும்பின் சர்க்கரையான சுக்ரோஸை இன்வர்டேஸ் நொதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கும். வெயிலில் கிடக்கும் கரும்பில் இந்நொதியும் வெட்டுவாயில் தொற்றும் நுண்ணுயிர்களும் சேர்ந்து சுக்ரோஸைக் குறைத்துவிடும். பிரிந்த சர்க்கரை படிகமாகாது. அதிலிருந்து காய்ச்சிய வெல்லமும் சரியாக இறுகாமல் ஈரத்தை இழுத்துக் கசியும். தேனீயோ இதே வேலையைத் தனக்கு நன்மையாக்கிக்கொள்கிறது. பூவிலிருந்து உறிஞ்சிய சுக்ரோஸை இவ்வகை நொதியால் பிரித்துத்தான் தேனாக்குகிறது. சுக்ரோஸ் கரைசல் வழியே முனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியைச் செலுத்தினால் அந்தத் தளம் வலப்பக்கம் திரும்பும். பிரிந்தபின் இடப்பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தை வைத்தே இன்வர்டேஸ் என்ற பெயர் வந்தது. முன்சொன்ன குடை மடங்கலுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. ஈஸ்டின் இன்வர்டேஸ் திசையைக் காப்பாற்றும் வகையைச் சேர்ந்தது. நொதிகளின் வேகத்துக்கான சமன்பாட்டை லியோனோர் மைக்கேலிஸும் மாட் மெண்டனும் 1913-இல் வகுத்ததும் இந்த நொதியை அளந்துதான்.

சர்க்கரை நோயாளிகள் பலர் அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற மாத்திரைகளை உட்கொள்கிறார்கள். இவை சிறுகுடலின் ஆல்ஃபா முடிச்சு நொதிகளில் போய் அமர்ந்துகொண்டு, உண்மையான சர்க்கரை வந்து பொருந்துவதைத் தடுக்கின்றன. சோறு மெதுவாகப் பிரிவதால் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை. உணவு வரும் நேரத்தில் நொதியின் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும் என்பதால், உணவு தொடங்கும்போதே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பிரியாத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போவதால் வயிறு பொருமுவது உண்டு. மொச்சைக்கு நேர்வது இங்கே சோற்றுக்கு நேர்கிறது. இம்மாத்திரையை இன்சுலினோடோ வேறு மருந்துகளோடோ சேர்த்து எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருமானால், வீட்டுச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுப்பது விரைவில் பயன் தராது. அதைப் பிரிக்க வேண்டிய நொதியை மாத்திரை தடுத்து வைத்திருக்கிறது. பிரிக்கத் தேவையில்லாத குளுக்கோஸையே கொடுக்க வேண்டும். இந்த ஒன்றை அந்த மாத்திரை எடுப்பவரின் வீட்டார் அனைவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

மாட்டின் வயிற்றில் வைக்கோலை அறுக்கும் அதே செல்லுலேஸ் வகை நொதி, திருப்பூரின் சாயப்பட்டறைகளில் பனியன் துணிக்குப் பயன்படுகிறது. அங்கே இதற்குப் பயோவாஷ் என்று பெயர். பருத்தித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய பிசிறுகளை விட்டுவிட்டால், துவைக்கத் துவைக்க அவை சிறு உருண்டைகளாகத் திரண்டு துணியைப் பழசாக்கிக் காட்டும். இளம் அமிலத் தன்மையுள்ள நீரில், ஏறத்தாழ 50 டிகிரி சூட்டில், இந்நொதியைச் சேர்த்து ஒரு மணி நேரம் போலத் துணியை ஓடவிடுகிறார்கள். வெளியே துருத்தி நிற்கும் பிசிறு நொதியின் கைக்கு முதலில் அகப்படுகிறது. பிசிறு பலமிழந்து உதிர, துணி வழவழப்பாகிறது. பிசிறும் செல்லுலோஸ், நூலும் செல்லுலோஸ் என்பதால் நொதிக்கு இரண்டும் ஒன்றே. நேரம் தாண்டினால் அது நூலையே அரிக்கத் தொடங்கித் துணியின் எடையும் வலுவும் குறையும். அதனால் குறித்த நேரம் வந்ததும் நீரின் சூட்டை 80 டிகிரிக்கு ஏற்றிப் பத்து நிமிடம் ஓட்டுகிறார்கள். எச்சில் கொதித்த மூன்றாவது தம்ளரில் அமைலேஸுக்கு நேர்ந்ததே அங்கே செல்லுலேஸுக்கும் நேர்கிறது. அதன்பின் அந்த நீரை வடித்துவிட்டுத் துணியை அலசுகிறார்கள்.